பெட்டிகளாக வந்த கடிதம்

போன வாரம் மச்சான் அனுப்பிய வாழ்த்தில் ஏதோ ஒரு குறி என் கைபேசிக்குப் பிடிபடாமல் வெறும் பெட்டியாக விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கோ கல்முனைக்குடியில் நான் வேலைபார்த்த, தொலைபேசியும் இன்டர்நெட்டும் வாடகைக்குக் கிடைத்த கொமியூனிகேஷன் கடையின் வாசம் வந்தது: சூடேறிய தூசியும் பக்கத்துப் பேக்கரியின் பாணும் கலந்த வாசம்.

வைரஸ் தொல்லை தாங்காமல், காக்கா என்று அண்ணன் முறையில் நாங்கள் கூப்பிடும் முதலாளி, கடைக் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொன்ன காலம். இரண்டு புத்தகம் படித்து நானே நிபுணனாகிவிட்டிருந்தேன். இடம் மிச்சம்பிடிக்கிறேன் என்று, வேண்டாதவை என நினைத்த எழுத்துருக்களை எல்லாம் ஒரு நாள் காலையில் அழித்துத் தள்ளினேன்.

அன்றைக்கே, கடையின் மின்னஞ்சலுக்கு, எங்களுக்கு அக்கா முறையான ஜெமீலா ராத்தாவின் பெயர் போட்டு ஒரு கடிதம் வந்தது. தெரு முழுவதற்கும் அந்த ஒரு முகவரிதான். அவர் கணவர் சவூதியில் லொறி ஓட்டினார். இரண்டு வாரமாக அவரிடமிருந்து அழைப்பில்லை. நம்மூர்க்காரர் ஒருவரின் லொறி புரண்டதாக ஊரில் கதை வேறு. ஆளனுப்பினேன். நண்பகல் ளுஹர் தொழுத கையோடு ராத்தா வந்துவிட்டார்.

திறந்தேன். வரிக்கு வரி பெட்டிகள். நடுவில் ஐ.சி.யு. என்று மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் முழுசாக நின்றன.

"அது என்ன தம்பி?"

"கம்பனிப் பேரு, ராத்தா."

பொய்தான்; அது தீவிர சிகிச்சைப் பிரிவு என்று எனக்குத் தெரியும். தமிழ் எழுத்துருவைக் குறுந்தட்டிலிருந்து ஏற்றி, அது பிடிபடுவதற்காகத் திரையை இயக்கும் பகுதியை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்கினேன். திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது. அடியில் ஒரு வரி: 'ஃபிக்ஸ்ட்' என்ற எழுத்துரு கிடைக்கவில்லை. தொடங்கும்போது அது இல்லாவிட்டால் படத்திரை எழும்பவே எழும்பாது. அழகில்லை என்று அதையும்தான் எறிந்திருந்தேன்.

"கடிதம் அழிஞ்சி போயித்தா?"

அது வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்றேன். தலையாட்டினார். உதடுகள் நபியின் மீது சொல்லும் ஸலவாத்தில் அசைந்துகொண்டிருந்தன.

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டத் தட்ட, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து பிழையாக விழுந்தது. குறுந்தட்டு முனகி முனகிச் சுற்றியது. அரை மணி நேரம். பின்னாலிருந்து ஒரு சொல் இல்லை. கடைசியில் திரை சாம்பல் நிறத்தில் விழித்தது, அம்புக்குறி வந்தது. கடிதத்தைத் திறந்தால், தமிழ். எனக்கு வாசிக்கத் துணிவில்லை. எழுந்து கதிரையை அவருக்குக் கொடுத்தேன்.

திரைக் கண்ணாடியில் விரலை வைத்து வாசித்தார். கணவரின் அறைக்கூட்டாளி எழுதியிருந்தார். லொறி புரண்டது உண்மை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐ.சி.யு.வில் ஏழு நாள். நேற்றுச் சாதாரண வார்டுக்கு மாற்றியாயிற்று. கஞ்சி குடிக்கிறார், உங்களைக் கேட்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஐசியு எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும் தம்பி. எங்கட உம்மாவ அங்கதான் வெச்சிருந்தாங்க. வேற ஏதுமா இருக்குமோண்டுதான் கேட்டன். நீங்க பயந்துபோய் இருந்தீங்க, அதான் நான் ஒண்டும் கதைக்கல்ல."

பின்னாளில் கணவர் ஊன்றுகோலோடு ஊர் வந்து சேர்ந்தார்; சந்தையடியில் தேங்காய்க் கடை போட்டு நெடுநாள் இருந்தார். நம் கொமியூனிகேஷன் இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். எழுத்துருவைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. வெளிநாட்டுச் செய்தி எதுவானாலும் நேரே வீட்டுக்குள், உள்ளங்கையில் வந்து விழுகிறது. வாசிக்கிறவர் தனியாக இருந்து வாசித்துக்கொள்கிறார்.