நூமா அண்ணன் நடந்துபோன பாட்டு

நூமா அண்ணன் ஒரே இடத்தில் நின்று டிரம்பெட் ஊதியதே இல்லை. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நாற்பது வருஷம், சாவு ஊர்வலங்களில் ஊதிக்கொண்டே நடந்தவர். கல்லறைக்குப் போகும்போது மெதுவான பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது கைக்குட்டையை வீசி ஆட வைக்கும் வேகமான பாட்டு. பக்கத்தில் பாஞ்சோ வாசித்துக்கொண்டே நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம், பேரெல்லாம் அவருக்கு.

ஐம்பத்தெட்டாம் வருஷம் டாக்டர் கையை விரித்துவிட்டார். நுரையீரல் போய்விட்டது, இந்த மாதத்தோடு ஊதுவதை நிறுத்த வேண்டுமாம். அதுவரை அவர் வாசிப்பு ஒரு இசைத்தட்டில்கூட ஏறவில்லை. அரைகுறைகளெல்லாம் தட்டு போட்டுவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஸ்டுடியோவில் ஒரு காலைப்பொழுதை வாங்கினேன்.

ஒலிப்பதிவாளர் கிரேடி தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.

"இதத் தாண்டக் கூடாது, பெரியவரே."

அண்ணன் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினார். மெதுவான பாட்டு தொடங்கிக் கண்ணை மூடியதும் கால் கிளம்பிவிட்டது. மைக் இங்கே, மனுஷன் சுவரோரம். மூன்று முறையும் இதே கூத்து.

"என்னண்ணே, மானத்த வாங்குறீங்களே!"

"நானாடா போறேன்? காலு போவுது."

நாலாவது தடவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மனைவி ஒக்டாவி அண்ணி தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் வேறு யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது. முடித்ததும் இருமினார் பாருங்கள், எனக்குப் பயமாகிவிட்டது.

"இன்னும் ஒரு தடவதான் என்னால முடியும்" என்றார்.

அண்ணி கையை எடுத்தாள். "எழுந்திருய்யா. உன் இஷ்டத்துக்கு நட."

நடந்தார். மெதுவான பாட்டோடு கதவைத் தாண்டி, வராந்தாவின் கடைசி வரைக்கும். அவர் ஊதும் சத்தம் தேய்ந்து நூலாகிவிட்டது. கிரேடியின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அண்ணி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கூட வந்த வாத்தியக்காரர்களும் நானும் மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தோம். அப்போது வராந்தாவில் வேகமான பாட்டு கிளம்பியது. நெருங்கி, நெருங்கி, அறையே அதிர உள்ளே வந்து நின்றார். கிரேடி திறந்த வாயை மூடவில்லை.

தட்டு வந்த மாதமே அண்ணன் போய்விட்டார்.

மெதுவான பாட்டோடு கொண்டுபோய் அடக்கம் செய்தோம். திரும்பும்போது வேகமான பாட்டை யாராவது எடுக்க வேண்டும். ஒருத்தனும் எடுக்கவில்லை. வாய் கிழியப் பேசுகிற எனக்கே விரல் அசையவில்லை. வாயை மூடிக்கொண்டு அண்ணன் வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் ஊரில் இதைவிடக் கேவலம் கிடையாது.

"இப்படியாடா அவர வழியனுப்புவீங்க?" என்று ஏசிவிட்டு, அண்ணி தட்டைப் போட்டாள்.

அண்ணன் ஊதும் மெதுவான பாட்டு தேய்ந்து தேய்ந்து அடங்கியது. நாங்கள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணி மட்டும் இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவி உதறினாள்.

"என்னடா முழிக்கிறீங்க? எழுந்திருங்க, அவரு திரும்பி வர்ற நேரமாச்சு."