ரேடியேட்டர் குடித்த கஞ்சி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வாலாஜாவில் தம்பிக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து அம்மா, அத்தை, தம்பி மூவரையும் என் பழைய ஆட்டோமேட்டிக் காரில் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற மிதப்பு எனக்கு.

திருப்புட்குழி தாண்டியதும் வெப்ப முள் மேலே ஏறியது. கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதறியது. ஓரங்கட்டி, சூடு தணிந்ததும் திறந்து பார்த்தால் ரேடியேட்டரில் பாதி காலி. டிக்கியில் ஒரு கேன் இருந்தது. கடகடவென்று ஊற்றினேன்.

தாமல் வருவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி.

"எங்கயோ சோறு வடிக்கிறாங்க போல இருக்குதே" என்றாள் அம்மா.

ரோட்டோர மெக்கானிக் பாய் மூடியைத் திறந்து, விரலால் தொட்டு முகர்ந்தார். "ஏம்மா, வண்டிக்கு ஜுரம்னு கஞ்சி ஊத்தினீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டு மாமா, நெசவுப் பாவு நூல் விறைப்பாக நிற்கப் பூசும் கஞ்சியை வடிகட்டி, போகிற வழியில் இறக்கிவிடச் சொல்லிக் கொடுத்த கேன் அது! மறந்தே போயிருந்தேன்.

"ரேடியேட்டர் தண்ணி சுத்திக்கினே இருக்கணும்மா. இன்ஜின் சூட்டை இதுதான் எடுக்குது. கியர் ஆயிலையும் இதுதான் ஆத்துது. உள்ள ஹீட்டருக்கும் இதுதான் போவுது. கெட்டியாப் போனா எல்லாம் காலி."

கழன்றிருந்த குழாயை முடுக்கி, நாலு தடவை அலசி, கூலன்ட் ஊற்றினார். "இன்னும் கொஞ்சம் அடைப்பு இருக்குது. ஏசி போடாதீங்க. ஹீட்டரை ஃபுல்லா வெச்சிக்கினு மெதுவாப் போங்க. இன்ஜின் சூடு உள்ள வந்துடும், வண்டி பொழச்சிக்கும்."

"அப்ப நாங்க?" என்றாள் அத்தை.

அக்னி வெயிலில், பட்டுப்புடவைகளோடு, ஹீட்டர் காற்றில் வெந்தோம். என்னைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை. தம்பி மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து இருபதுக்குப் போய் இறங்கினோம். வியர்வை வழிந்து கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்துப் பெண்ணின் அம்மா உருகிப்போய், பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னார். "பாருடி, உன்னைப் பார்த்ததும் எல்லாரும் எப்படிக் கண் கலங்கிட்டாங்க! குடுத்து வெச்சவ நீ."

தம்பி மனைவி இன்றைக்கும் அதை எல்லாரிடமும் சொல்லிப் பூரிக்கிறாள். அப்போதெல்லாம் நாங்கள் நால்வரும் தரையைப் பார்ப்போம். எந்தக் கேனையும் முகர்ந்து பார்க்காமல் நான் இப்போது எதிலும் ஊற்றுவதில்லை. ஆனால் அன்று பொய்யாக வந்த அந்தக் கண்ணீருக்காகவே அவளிடம் கொஞ்சம் கூடுதல் பாசமாக இருக்கப் பழகினோம்; அது எப்போதோ நிஜமாகிவிட்டது.