அண்ணனின் உப்புத் தண்ணீர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நிறைகளோடு இந்தத் தங்கையின் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறைத்து எழுத மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது மானாம்பதியில். அப்பா சீக்கிரமே போய்விட, சின்ன வயதிலேயே பெருநகர் என்ற ஊரின் நெல் மில்லுக்கு மூட்டை சுமக்கப் போனார். அந்தக் கூலியில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். உமித் தூசி அவர் நெஞ்சில் சளியாகக் கட்டிக்கொண்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அப்போதும் கேலி போகாது. "மில்லு நின்னாலும் என் நெஞ்சுல மெஷின் ஓடிக்கினேதான் கீது" என்பார்.

காஞ்சிபுரத்து டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பி கொடுத்தார். கம்பவுண்டர் அளந்து மடித்துத் தரும் உப்பைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து அதில் ஊற்றி, குப்பியின் ரப்பர் பந்தை அமுக்கினால் பனிபோல வரும். அண்ணன் அதை வாயால் இழுத்துவிட்டுக் கட்டிலில் தலை தாழக் குப்புறப் படுப்பார். அண்ணி கையைக் குவித்து முதுகில் தட்டுவார். இறுகின சளி இளகி வெளியே வரும். அதன்பின் மில் வரை நடந்துபோய்ப் பழைய ஆட்களோடு டீ குடித்துவிட்டு வருவார். மூன்று வருடம் அப்படி ஓடியது.

சென்ற ஆண்டு அவருக்குக் கால் வீங்கியது. இதயமும் தளர்ந்துவிட்டது, உப்பைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். துணைக்குப் போனவள் நான். வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் ஜாடியோடு அந்தக் குப்பியையும் பரண்மேல் ஏற்றினேன்.

"அது சளிக்குக் குடுத்ததும்மா" என்றார் அண்ணி.

"உப்பே ஆவாதுன்னுட்டாரு அண்ணி. இது மட்டும் இன்னா, சர்க்கரையா?"

அண்ணன் சிரித்தார். "படிச்ச பொண்ணு சொல்லுது, வுடு."

பத்தே நாள். சளி இறுகி மூச்சடைத்தது. வாடகைக் காரில் காஞ்சிபுரம் கொண்டுபோனோம். "சோத்து உப்பைத்தானேம்மா நிறுத்தச் சொன்னேன்!" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். மறுபடி குப்பியை வைத்தார்கள். பந்தை நான்தான் அமுக்கினேன். இழுக்கும் அளவுக்கு அண்ணனிடம் மூச்சில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் என்னைப் படிக்க வைத்தவரையே கெடுத்தேன். "அழாதம்மா, நல்லதுக்குதான சொன்ன" என்பதே அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அன்று காரில் அவரைத் தாங்கிப் பிடித்து வந்த மில் ஆட்களுக்கும், டாக்டருக்கும், கம்பவுண்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வேன்? இன்றுவரை என்னைக் குறைசொல்லி அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

காரியத்தன்று படையல் குழம்பை நான்தான் வைத்தேன். உப்பு போடக் கை வரவில்லை. அடுப்பெதிரில் அப்படியே நின்றேன். அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடு கண்ணு. இனிமே அவருக்கு ஒண்ணும் ஆவாது."