மூவாயிரத்து அறுநூறும் சாத்திய ஜன்னலும்

என் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்தேன். பாகம் பாகமாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கோட்டைக்குப்பத்துக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து மாட்டினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஸ்க்ரூ டிரைவரை வேறு யாரையும் தொடவிடவில்லை.

மூவாயிரத்து இருநூறு வேகம் என்று விற்ற இரண்டு ரேம் அட்டைகளை மூவாயிரத்து அறுநூறில் ஓடவிட்டேன். கம்ப்யூட்டரின் பயாஸ் அமைப்பில் வேகத்தை ஏற்றி, வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி, காலையில் மூன்று மணி நேரம் மெமரி டெஸ்ட் ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. வீட்டில் எல்லோரிடமும் அந்த எண்ணைச் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை என்பதால் இரண்டு முறை சொன்னேன்.

அந்த வாரம் சென்னை நிறுவனம் ஒன்று எனக்குச் சோதனை வேலை கொடுத்தது. இன்னும் கட்டாத ஒரு வீட்டுக்குள் நடந்து போவதுபோல் வீடியோ செய்து, ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் விடுப்பு முடிந்து, மீஞ்சூர் தொழிற்சாலையின் டேட்டா என்ட்ரி மேசைக்கே திரும்ப வேண்டும். வரைந்து முடித்துவிட்டேன். அதை வீடியோவாக்க ஐந்து மணி நேரம் ஆகும். நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வியாழன் மதியம் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்தது. வெள்ளி மதியம் இரண்டு முறை.

"கரண்ட்டுதான்டி," என்றாள் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா. "ஐஸ் பொட்டியும் நேத்துலேர்ந்து மொனகிக்கினு கீது."

காரணம் கரண்ட் இல்லை. ஃபேன் நிற்கவில்லை, யுபிஎஸ் ஒருமுறைகூடக் கத்தவில்லை. அப்படியானால் சந்தேகம் ரேம் மேல்தான்.

சனிக்கிழமை நைனா வீட்டில் இருந்தார். ஏரியில் வலை கட்டும் இடத்தில் அன்று வேறு ஆட்களின் பாடு. எங்கள் முறை மறுநாள்தான். நான் ஒரு ரேமைக் கழற்றி வைத்து மற்றதைச் சோதிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, ஒண்ண கழட்ற, ஒண்ண மாட்ற?"

"ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் நைனா. எது தப்பு பண்ணுதுன்னு தெரியணும்ல?"

"அதுங்களுக்கும் பாடு போட்டுட்டியா!"

"அதுங்களாவது சண்ட இல்லாம கெடக்கட்டும்," என்றாள் அம்மா.

தனித்தனியாக இரண்டும் தேறின. சேர்த்து மாட்டினேன், அப்போதும் பிழை இல்லை. மதியம் கடல்காற்று எழுந்தது. வழக்கம்போல எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். உப்புக் காற்று எங்கள் டிவியை இரண்டே வருடத்தில் தின்றுவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அது என் சட்டம்: காற்று எழுந்தால் அந்த ஜன்னலை யாரும் திறக்கக் கூடாது.

சோதனை ஓடிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள்.

உட்கார்ந்து யோசித்தேன். முதல் சோதனையைக் காலையில் ஓட்டினேன், ஜன்னல் திறந்திருந்தது. நின்றதெல்லாம் மதியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நானே சாத்திய அறையில். குளிர்ச்சியில் மூவாயிரத்து அறுநூறைத் தாங்கிய ரேம் சூட்டில் தாங்கவில்லை.

"அப்ப தொறந்து வையேன்," என்றாள் அம்மா.

திறந்தால் எண் தப்பிக்கும். ஆனால் அடுத்த வருடம் கம்ப்யூட்டர் இருக்காது. ஜன்னலைச் சாத்தியபடியே வேகத்தை இறக்கினேன். மூவாயிரத்து ஐந்நூறில் கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிழை. மூவாயிரத்து நானூறில் எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. மறுநாள் மதியம்தான் உண்மை தெரியும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வேலையை ஓடவிட்டேன். காற்று எழுந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். முதுகில் வேர்வை ஓடியது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. திரை கறுக்கவில்லை. மூன்று மணிக்கு வீடியோ முழுதாக இருந்தது. நான்கு மணிக்குள் அனுப்பிவிட்டேன்.

ஏரியிலிருந்து திரும்பிய நைனா, "இப்ப எவ்ளோ?" என்றார்.

"மூவாயிரத்து நானூறு."

"கம்மி பண்ணிட்டியா? ஊர் பூரா அறுநூறுன்னு சொல்லிக்கினு திரிஞ்சியே!"

"கம்மிதான். ஆனா நிக்காது நைனா."

திங்கட்கிழமை மீஞ்சூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது நான் அதில் இல்லை. மறுநாளே வேலையைத் தொடங்கலாம் என்று ஞாயிறு இரவே சென்னையிலிருந்து பதில் வந்திருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் டேப் ஒட்டி, மார்க்கரில் 3400 என்று எழுதினேன். மார்கழிக் குளிரில் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பேன். ஆனால் சோதனையை மதியத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஓட்டுவேன்.