ஜூலை மாத மழைப்பாடம்

பள்ளிக்கூடத்தில் எந்த மாதம் எந்தப் பாடம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? போன வருஷம் ஆடியிலிருந்து இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது.

என் தங்கை மும்தாஜ் சாணார்பட்டிப் பக்கம் டீச்சர். வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் நல்லபடியாக எழுதினால்தான் ஆகும். அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. பத்தி எழுதும் அண்ணன் சம்பாதிக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா!

அன்றைக்கு அவள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போனேன். வகுப்பில் இன்ஸ்பெக்டர்! பிள்ளைகள் கையிலெல்லாம் பனையோலைக் காத்தாடி விர்ரென்று சுற்றுகிறது.

"ஏம்மா, திட்டத்துல ஜூலைக்கு மழைன்னுல்ல போட்டிருக்கு? மழைப்பாடம் எங்க?"

"மழை வரட்டும்னு நிப்பாட்டி வச்சிருக்கேன் சார். இப்ப காத்துதான் அடிக்குது, அதை நடத்துறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அதற்குள் முன்வரிசைப் பயல் ஒருவன் எழுந்தான்.

"மழையா சார்? ஐப்பசியில வாங்க, அம்புட்டு மழையும் காட்டுறோம்!"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். காற்று ஏன் அடிக்கிறது என்று கேட்டார். பிள்ளைகள் போட்டி போட்டுச் சொன்னார்கள். வெளியே வந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பாடம் பிரமாதம். ஆனா காத்துன்னு எழுதுனா உங்க தங்கச்சிக்குத்தான் வில்லங்கம்."

'மழைப்பாடம் - மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர். வேலையும் நிரந்தரமானது. வீட்டில் பிரியாணி!

ஆனால் அந்த ரிப்போர்ட் அதோடு நிற்கவில்லை... மேலே போயிருக்கிறது. மேலே இருப்பவர்கள் படித்திருக்கிறார்கள். ஜூலையில் மழைப்பாடம் இவ்வளவு நன்றாகப் போகிறதா என்று மகிழ்ந்திருக்கிறார்கள். போன வாரம் புதுத் திட்டம் வந்தது. இந்த வருஷம் ஜூலையில் மழைக்கு ஒரு வாரமல்ல, இரண்டு வாரம்!

திட்டம் போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம், வந்த காகிதத்தை நம்பினார்கள். ஐப்பசி மழை காகிதத்தில் ஏறினால்தானே அவர்களுக்குத் தெரியும்?

கூடவே ஓர் உத்தரவும் வந்திருக்கிறது. சுற்று வட்டார டீச்சர்கள் எல்லோருக்கும் மழைப்பாடத்தை மும்தாஜே மாதிரிப் பாடமாக நடத்திக் காட்ட வேண்டுமாம்.

"அண்ணே, ஆடியில மழைக்கு நான் எங்கண்ணே போவேன்?"

வாசகர்களே, யாரிடமாவது நல்ல பூவாளி இருந்தால் செத்த நேரம் கொடுங்கள்.