ஆறாம் மாடியில் தொடங்கிய சுவர்

இக்னாஸ் என் தங்கை அநேஷ்காவின் புருஷன். கொத்தனார். பொஹீமியாவிலிருந்து சிகாகோவுக்கு இருபது வயதில் வந்தவன். நான் அவனுக்குச் சித்தாள். செங்கல்லும் சாந்தும் சுமந்து கொடுப்பேன்.

அந்தக் கோடையில் கெட்ட தண்ணீரால் எங்கள் தெருவில் காய்ச்சல் பரவியது. தங்கை போனாள். வயிற்றிலிருந்த பிள்ளையும் அவளோடு போயிற்று. அடக்கம் முடிந்த மறுநாளே இக்னாஸ் வேலைக்கு வந்துவிட்டான். அழவில்லை. கல் வைத்தான், கூப்பிட்டால் திரும்பினான், அவ்வளவுதான். மாதா கோயில் பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது இவன் நின்றுகொண்டிருப்பான். நான் தோளைத் தொட்டால் முழங்காலிடுவான்.

அப்போது நகரத்தின் நடுவே ஓர் உயரக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முதலில் இரும்பால் கூடு நிறுத்திவிட்டார்கள். சுவரை அப்புறம் சட்டை மாதிரி மாட்டுவார்களாம். கீழ் மாடிகளுக்கு வர வேண்டிய கருங்கல் வரவில்லை, குவாரியில் வேலைநிறுத்தம். சும்மா இருக்க வேண்டாம், ஆறாம் மாடியிலிருந்து செங்கல் சுவரைத் தொடங்குங்கள் என்றார் மேஸ்திரி ஹெனிகன்.

கொத்தனார்கள் சாந்து பூசும் கரணையைக் கீழே வைத்துவிட்டார்கள். சுவர் என்றால் மண்ணிலிருந்து எழும்ப வேண்டும். அவர்கள் கற்றது அது.

"அடியில காத்துதான் இருக்கு. அஸ்திவாரம் யாரு போட்டா, வானத்துச் சம்மனசா?" என்றான் அவர்களில் ஒருவனான பார்தோஷ்.

"ஒவ்வொரு மாடிக்கும் ஓரத்துல இரும்பு இருக்குய்யா. அந்த மாடிச் சுவரை அது தாங்கும்" என்றார் மேஸ்திரி.

"தாங்கலேன்னா? உங்க தொப்பி தாங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இக்னாஸ் மட்டும் கரணையை எடுத்தான்.

"நான் போறேன்."

"ஆம்பளைடா!" என்று பார்தோஷ் கை தட்டினான். நான் இக்னாஸின் முகத்தைப் பார்த்தேன். அது துணிந்தவன் முகம் இல்லை. தங்கையின் குழிக்குப் பக்கத்தில் நின்றபோது இருந்த அதே முகம். சுவர் விழுந்தால் அதோடு போய்விடலாம் என்று ஏறுகிறானோ? சாந்துத் தொட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று சொல்லியபடி பின்னாலேயே ஏறினேன்.

தரையின் விளிம்பில் அந்த இரும்பு ஒரு சாண் அகலம்கூட இல்லை. கீழே குதிரை வண்டிகள் சின்னதாய்ப் போய்க்கொண்டிருந்தன. அவன் முதல் வரிசையை வைத்தான். அடுத்தது. அதற்கடுத்தது. நூல் பிடித்தாற்போல நேராக வந்தது.

மத்தியானத்துக்குள் சுவர் இடுப்பளவு ஆயிற்று. சாந்து இன்னும் ஈரம். வெளிப்பக்கம் பிதுங்கிய சாந்தை வழிக்கிறேன் என்று அதன்மேல் நெஞ்சைப் போட்டுத் தெருப் பக்கம் சாய்ந்தான். ஒரு கொத்தனாரும் அப்படிச் செய்ய மாட்டான். நான் தொட்டியைப் போட்டுவிட்டு அவன் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு மச்சான்."

"விட மாட்டேன். விழணும்னுதான ஏறின?"

அவன் கரணையால் இன்னொரு இடத்தை வழித்தான்.

"விழணும்னு இல்ல. விழுந்தா விழட்டும்னு."

"அவ இருந்தா உன்னைச் செருப்பால அடிப்பா."

"அடிப்பா," என்றான், நேரம் கேட்டதற்குச் சொல்வதுபோல.

சுவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தான்.

"நிக்குது மச்சான்," என்றான். "இப்ப என்ன பண்றது?"

எனக்குப் பெரிய வார்த்தை எதுவும் தெரியாது. "அடுத்த பக்கம் எழுப்பணும். ராத்திரி எங்க வீட்டுக்கு வா" என்றேன்.

சுவர் நிற்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஏறி வந்தார்கள். பார்தோஷ் அதைக் காலால் மெல்லத் தட்டிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் இக்னாஸ் என்னோடு வந்தான். என் மனைவி லுத்மிலா வைத்த சூப்பைக் குடித்தான். நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அவள் குனிந்து அவன் பூட்ஸைக் கழற்றினாள். நான் செபமாலையை எடுத்தேன். ஆண்டவரிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. மணிகளை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவன் எங்களோடுதான் இருந்தான்.