நாஞ்சாரய்யாவின் பையில்லாச் சட்டை

சிலிண்டரை வாசலில் இறக்கி வைத்ததும் நாஞ்சாரய்யா உள்ளே போவதில்லை. "நீங்க வந்து பக்கத்துல நில்லுங்கம்மா, அப்பதான் கை வைப்பேன்" என்று குரல் கொடுப்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி, வீட்டுக்காரர் வந்து நிற்கும்வரை நிலைப்படியைத் தாண்டமாட்டார். வாஷர் மாற்றி, சோப்பு நுரை தடவி, கசிவு இல்லையென்று காட்டிவிட்டு வெளியே வந்து, இரண்டு கைகளையும் விரித்து முன்னும் பின்னும் திருப்புவார். "பாத்துட்டீங்களா?" பார்த்தாயிற்று என்றால்தான் காலி சிலிண்டரைத் தூக்குவார். என் மருந்துக் கடைக்கு வந்து போகும்போதும் இதே கைவிரிப்புதான்.

அவர் சட்டையில் பை கிடையாது. கால்சட்டையிலும் கிடையாது. ரசீதுப் புத்தகம் கக்கத்தில், பென்சில் காதில், பீடிக்கட்டு வண்டியில். "பைக்கான துணியெல்லாம் எனக்கு மிச்சம். அவர் புண்ணியத்துல என் வீட்டுல எல்லாருக்கும் கைக்குட்டை" என்பார் தையற்கடை மஸ்தான்.

எங்கள் ஊருக்குப் பெயரே செட்டில்மெண்ட். நாஞ்சாரய்யாவின் தாத்தாவைப் பிறவித் திருடர் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்து, கம்பி வேலிக்குள் அடைத்து, தினம் மூன்று முறை பேர் கூப்பிட்டுப் பார்த்த இடம். வேலியைப் பிடுங்கி எழுபது வருடத்துக்கு மேலாகிறது. பேச்சைத்தான் யாராலும் பிடுங்க முடியவில்லை. "பிறவியில வந்த புத்தி சுடுகாட்டு விறகோடதான் போகும்" என்று குண்டூர்ப் பக்கம் சொல்வார்கள். நாஞ்சாரய்யாவும் சொல்வார், தன்னைப் பற்றியே. அதுதான் எனக்குத் தாங்காது. அறுபது வயதுவரை அடுத்தவர் ஊசியைக்கூடத் தொடாத மனுஷர், தனக்குள் ஒரு திருடன் தூங்குகிறான் என்று நம்பி அவனுக்குக் காவல் இருக்கிறார்.

"என் ரத்தம் எனக்குத் தெரியாதா சார்? கட்டிப்போட்ட நாய் இதுவரைக்கும் கடிக்கல. அதுக்காக அவுத்து விட முடியுமா?"

நான் மட்டும் யோக்கியனா? இங்கே கடை போட்ட முதல் வருடம், அவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கியதும் அலமாரியில் ஒரு கண் ஓட்டுவேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தன்னைக் கட்டிப்போட்டது போதாதென்று மகளையும் கட்டினார். சுவார்த்தா அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கு இவர் சிலிண்டர் கொண்டுபோயிருந்தார். "என் வாட்சை யாராவது பாத்தீங்களா பிள்ளைங்களா?" என்று டீச்சர் பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். யார்மேலும் அவருக்குச் சந்தேகமில்லை. நாஞ்சாரய்யா சிலிண்டரைப் போட்டது போட்டபடி வகுப்புக்குள் நுழைந்து, மகளின் பையைப் பிடுங்கி எல்லார் எதிரிலும் கவிழ்த்தார். நாலு நோட்டு, உடைந்த காம்பஸ், பாதி கடித்த கொய்யா. அவள் பயந்து கையை இறுக்கி மூடியிருந்தாள்.

"கையத் திற."

திறந்தாள். ஒன்றுமில்லை. கை கழுவும்போது டீச்சர் கழற்றிய வாட்ச் குழாயடித் திட்டிலேயே இருந்தது. "உங்களை யாரு தேடச் சொன்னா?" என்று டீச்சர் அழுதுவிட்டார். சுவார்த்தா அழவில்லை. "ஊர் சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன் நாயனா" என்றாள் அப்பாவிடம். அவ்வளவுதான். அடுத்த வருடமே விஜயவாடாவில் விடுதிக்குப் போனாள், அங்கேயே நர்ஸானாள். பதினேழு வருடத்தில் அம்மாவின் சாவுக்கு மட்டும் வந்தாள், அன்று மாலையே திரும்பிவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். எடுத்தியான்னு கேக்கக்கூட இல்ல." தலைவலி மாத்திரை வாங்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். மாத்திரையைக் கத்தரிப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

போன கிறிஸ்துமஸுக்கு, எப்படியோ மனம் இறங்கி, சுவார்த்தா நாலு வயது மகள் பிந்துவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் இருப்பதாக ஏற்பாடு. வந்த மறுநாள் குழந்தைக்குச் சளி. மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். நான் மருந்தை எடுக்கத் திரும்புகிற நேரத்தில், மேசை ஓரம் கிடந்த சிரப் மூடி ஒன்றைப் பிந்து எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். என் மகனும் அந்த வயதில் இதே மூடிகளைத்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சக்கரம் உருட்டினான். அவன் ரத்தத்தைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

நாஞ்சாரய்யாவும் பார்த்துவிட்டார். குழந்தைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். அந்தப் பழைய வார்த்தை உதடுவரை வந்து நின்றது எனக்கே தெரிந்தது.

"சொல்லு நாயனா, திறக்கச் சொல்லு." சுவார்த்தா குரலை உயர்த்தவே இல்லை. "உள்ள என்ன இருக்குன்னு பாத்துரு. மூணு மணிக்கு எங்களுக்கு பஸ் இருக்கு."

மூடி போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். மருந்துப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிந்து தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நாஞ்சாரய்யா அந்தச் சின்னக் கையை, மூடியது மூடியபடியே, தன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். எழுந்தார். பேத்தியோடு படியிறங்கிப் போனார். அன்றைக்கு எனக்குக் கையை விரித்துக் காட்டவில்லை.